பூட்டுக்குள் தேன்

சனிக்கிழமை காலை, எங்கள் குடியிருப்புக்கு முன்னால், ஒப்ராட் பக்கத்து இருக்கைக் கதவு வழியாகக் காருக்குள் தலையை நுழைத்து, கியர் தண்டுக்கு மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மறு காலை வெளியே பனியில் விட்டபடி நடுவில் மாட்டிக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயது, நூற்றுப் பத்து கிலோ. உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. முழங்கை பட்டு ஹாரன் வேறு அலறியது. மூன்றாவது மாடி மிலேவா கம்பளம் உதறுவதை நிறுத்திவிட்டு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரடோய்கா, உன் வீட்டுக்காரர் சொந்தக் காரையே திருடுறாரா?"

"திருட அது என்ன தங்கத் தேரா? நீ கம்பளத்தை அந்தப் பக்கமா உதறு, தூசியெல்லாம் என் தலையிலதான் விழுது" என்றேன். அவனுடைய பின்புறத்தில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை அவனைத் தள்ளி, இழுத்து, தூக்கி உள்ளே சேர்த்திருக்கிறேன். நிதானத்தில் இருப்பவனைத் தள்ளியது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைத்துச் சிரித்தும்கொண்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி மழை பெய்து, பெய்த இடத்திலேயே உறைந்தது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் டிரைவர் பக்கக் கதவில் சாவி நுழையவில்லை. இந்தப் பழைய காருக்குச் சாவித் துவாரம் அந்த ஒரு கதவில்தான் உண்டு. ஒப்ராட் இருட்டிலேயே இறங்கிப் போய்க் கால் மணி நேரம் ஏதோ செய்துவிட்டு மேலே வந்தான். கதவு திறந்துவிட்டது, பெட்ரோல் பங்கில் விற்கும் ஸ்பிரேயை அடித்தேன் என்றான். மூக்கு நுனி சிவந்திருந்தது. நான் காப்பியை நீட்டினேன், அவன் வாங்கிக் குடித்தான். சாயங்காலம் சாவி பாதித் திருப்பலில் நின்றுவிட்டது. சனிக்கிழமை அந்தக் கதவு வெளியிலிருந்தும் திறக்கவில்லை, உள்ளிருந்தும் திறக்கவில்லை. பக்கத்துக் கதவை முதல் நாள் பூட்டாமல் விட்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வேறு வாரமாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் புது வேலையின் முதல் நாளான திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஒப்ராட் பள்ளிக்கூட முற்றத்தில் இருந்தாக வேண்டும். அங்கே நிற்கும் பள்ளி வேனை எடுத்துக்கொண்டு மலைக் கிராமங்களுக்கு ஏறி, பதினோரு பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கமிருந்து பேருந்து கிடையாது.

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவன் அவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்துவதற்குப் பதிலாக நிறுத்தத்தின் மேலேயே ஏற்றி நிறுத்தினான். தகரக் கூரை சாய்ந்தது, பெஞ்சு முறிந்தது. அன்றைக்குப் பள்ளி விடுமுறை, அதனால் பெஞ்சில் யாரும் இல்லை. ஊர் முழுக்க அதையேதான் சொன்னது, நல்லவேளை விடுமுறை, நல்லவேளை விடுமுறை என்று. இன்றும் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். வேலை போயிற்று, லைசென்ஸ் போயிற்று. அதற்கப்புறமும் எட்டு மாதம் குடித்தான். பிறகு ஒரு நாள் நிறுத்தினான். ஏன் அந்த நாளில் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பதினான்கு மாதமாக ஒரு சொட்டு இல்லை. லைசென்ஸ் திரும்பி வந்தது. குளிர்காலத்தில் மலைப் பாதையில் வேன் ஓட்ட ஆள் கிடைக்காமல் பள்ளிக்கூடம் திண்டாடியது.

நான் அந்தப் பள்ளியின் சமையலறையில்தான் வேலை செய்கிறேன். தலைமையாசிரியை வுகோசாவா ஒரு மதியம் சாமான் அறைக்குள் வந்து, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

"காகிதமெல்லாம் சரியா இருக்கு ரடோய்கா. ஆனா நான் காகிதத்தை நம்புறவ இல்ல. நீ சொல்லு. நீ சொன்னாப் போதும்."

"ஒரு சொட்டு கிடையாதும்மா. என் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன்."

"சரி. ஏதாவது மனசுக்குப் படலேன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் பண்ணு. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

சொன்னது பொய்யில்லை. முதல் ஆறு மாதம் ஒப்ராட் தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல், குதிகால்களைச் சேர்த்து என் முன்னால் நின்று முகத்துக்கு நேராக 'ஹா' என்று ஊதுவான். நான் கேட்டதில்லை, அவனாக ஆரம்பித்தது. வெங்காயம் தின்றிருந்தாலும் ஊதுவான், சிகரெட் குடித்திருந்தாலும் ஊதுவான். நான் தலையசைத்த பிறகுதான் ஷூவைக் கழற்றுவான். ஒரு நாள் நான்தான் சொன்னேன், "போதும்ப்பா, நான் என்ன டிராஃபிக் போலீஸா?" என்று. அதோடு நிறுத்திவிட்டான். அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

விதோயேயின் பட்டறை ஆற்றோரம். அறுபது தாண்டியவர். எங்கள் ஊரில் கார் பூட்டு, கைப்பிடி, கண்ணாடி இறக்கும் கருவி எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் எதிர்த் தெருவைக் காட்டுவார். யார் வந்தாலும் முதலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிளம் சாராயம், எங்கள் ரக்கியா, அதற்கப்புறம் காப்பி, அதற்கப்புறம்தான் வேலை. ரக்கியாவை நீட்டாத பட்டறைக்கு யார் வருவார்கள்? நாங்கள் வண்டியை உள்ளே விட்டபோது அவர் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார். அவர் வைப்பதை நான் பார்த்தேன், ஒப்ராடும் பார்த்தான். மூன்று பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

"காப்பி போடட்டுமா?" என்றார்.

"போடுங்கண்ணே" என்றான் ஒப்ராட், தேவைக்கு மேல் சத்தமாக.

மூடியிருக்கும் கதவைப் பிரிப்பது லேசில்லை. விதோயே பக்கத்து இருக்கை வழியாகத் தவழ்ந்து போய், டிரைவர் இருக்கையை முடிந்தமட்டும் பின்னால் தள்ளி, தரையில் மண்டியிட்டார். திருப்புளியின் முனையில் துணியைச் சுற்றி, கதவின் உட்புற பிளாஸ்டிக் பலகையை விளிம்பு விளிம்பாக நெம்பினார். ஒவ்வொரு கிளிப்பும் விடும்போது 'டப்' என்று சத்தம் வந்தது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒப்ராட் வெளியே கதவோரம் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பலகைக்குப் பின்னால் கொக்கி தெரிந்தது. விதோயே எண்ணெய் அடித்தார், அசையவில்லை. இன்னொரு தரம் அடித்துப் பொறுத்துப் பார்த்தார். திருப்புளியால் தட்டினார். முடி உலர்த்தும் கருவியைச் செருகி ஐந்து நிமிஷம் சூடு காட்டினார். கொக்கி நூலளவு அசைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது.

"ஐஸ் இல்ல இது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். "ஐஸா இருந்தா எப்பவோ உருகியிருக்கும். துருவா இருந்தா எண்ணெய்க்கு வழிவிட்டிருக்கும். என்ன எழவு இது?"

அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி, மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் உறிஞ்சிக் கொக்கியின் மேல் பீய்ச்சினார். இரண்டாம் தடவைக்குக் கொக்கி தானாக நெகிழ்ந்தது. கதவின் அடியிலிருந்து பழுப்பு மஞ்சளாக ஏதோ கசிந்து அவர் விரலில் ஒட்டியது. விரலைத் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு நாக்கு நுனியில் வைத்தார். எனக்கு அவர் நாக்கில் வைப்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. பதினான்கு மாதமாக ஒப்ராடின் மூச்சில் இல்லாத வாசனை.

"தேன் ரக்கியா!" என்று சிரித்தார். "பூட்டுக்குத் தேன் ரக்கியா ஊத்தின புத்திசாலி யாரு?"

எங்கள் ஊரில் உறைந்த பூட்டுக்கு ரக்கியா ஊற்றுவது ஒன்றும் அதிசயமில்லை. காய்ச்சல் வந்தால் நெஞ்சில் தேய்ப்போம், பல் வலித்தால் வாயில் அடக்கிக்கொள்வோம், பூட்டு உறைந்தால் பூட்டில் ஊற்றுவோம். ஆனால் தெளிந்த, காரமான ரக்கியாவைத்தான் ஊற்றுவார்கள். தேன் கலந்தது அந்த நேரத்துக்கு ஐஸை உருக்கும், மறுநாள் பிசினாகிப் பூட்டையே கவ்விக்கொள்ளும். இது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

விதோயேயின் சிரிப்பு பாதியில் நின்றது. யாருடைய கார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நான் ஒப்ராடைப் பார்த்தேன்.

"ஸ்பிரேதான் அடிச்சேன்" என்றான்.

"எந்தக் கம்பெனிடா ஸ்பிரேக்குள்ள தேனீ வளக்குது?" என்றார் விதோயே. கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் குரலில் கிண்டல் இல்லை.

ஒப்ராட் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். எங்கள் வீட்டுப் புனிதர் யோவானின் திருநாளன்று வந்த டிஹோமிர் கொடுத்துவிட்டுப் போனானாம். டிஹோமிர் எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், எங்களுக்கு உடன்பிறப்புக்கும் மேல். திருநாளன்று வீடு தேடி வருகிறவர்களுக்கு ரக்கியா வைக்காமல் இருந்தால் வீட்டுக்கே அவமானம். அதனால் மேசையில் ஒரே ஒரு பாட்டில் வைத்து, கடைசி விருந்தாளி படியிறங்கியதும் மீதியைத் தொட்டியில் கொட்டி, தொட்டியை வெந்நீரில் கழுவினேன். மேசைக்குக் காவல் இருந்த எனக்கு, கீழே கார் இருந்தது நினைவுக்கு வரவில்லை. டிஹோமிர் கிளம்பும்போது ஒரு பாட்டிலைக் காரின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, "உன் பங்கு, ரடோய்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்று கண்ணடித்தானாம். அந்தப் பாவி அதைப் பாசத்தில்தான் செய்திருப்பான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"திருநாள் முடிஞ்சு பத்தொன்பது நாள்" என்றேன். "பத்தொன்பது நாளா வண்டியில வச்சிருக்கே. தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவன் குடுத்ததை எப்படித் தூக்கிப் போடறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அது அங்க இருக்குன்னு தெரிஞ்சே தினமும் ஓட்டினேன்" என்றான். "தொடாம இருக்க முடியுதான்னு பாத்தேன். முடிஞ்சுது ரடோ. சத்தியமா முடிஞ்சுது."

சூடுபட்ட பூனை அடுப்பைத் திரும்பிப் பார்க்காது என்பார்கள். என் பூனை பத்தொன்பது நாளாக அடுப்பின் மேலேயே படுத்துப் பார்த்திருக்கிறது. நான் பாட்டிலைக் கேட்டேன். பக்கத்து இருக்கைக்கு அடியில் கைவிட்டு எடுத்தான். அந்த இருக்கையில்தான் நான் உட்கார்ந்து வந்திருந்தேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், லேபிள் இல்லை, மஞ்சள் நிறம். மரப்பீப்பாயில் பல வருடம் வைத்த பிளம் ரக்கியாவும் இதே நிறத்தில்தான் இருக்கும், பார்த்தால் தேன் என்று தெரியாது. அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம்.

"மீதி?"

"பூட்டுல."

"பூட்டு என்ன குடிகாரனா, இவ்வளவு குடிக்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவன் முகம் சுருங்கியது. விதோயே சிரிஞ்சைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"கை நடுங்குச்சு" என்றான். "குளிர். இருட்டு வேற. துவாரத்துல ஊத்தினேன், கைப்பிடியில ஊத்தினேன், ரப்பரைச் சுத்தி ஊத்தினேன். மொகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் ஊத்தினேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன், வாசனை ஏறிடக் கூடாதுன்னு. எங்க விழுந்துதுன்னு பாக்கல. தேன்னும் தெரியல." பிறகு சிகரெட் குடிக்கப் போகிறேன் என்று ஆற்றுப் பக்கம் நடந்தான். அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. நம்பியதால் வந்த அழுகையா, நம்பாததால் வந்த அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

விதோயே கொக்கியைக் கழற்றி வெந்நீரில் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தார். தண்ணீர் மங்கலாகி இனிப்பு வாடை கிளம்பியது.

"ஒண்ணு சொல்றேன் கேளு தங்கச்சி" என்றார், தலையைத் தூக்காமலே. "ருசி பாத்தவனா இருந்தா இதைப் பூட்டுல ஊத்துவானா? ஒரு துளி நாக்குல பட்டிருந்தா தேன்னு தெரிஞ்சிருக்கும். அவனும் இந்த ஊர்க்காரன்தானே, தேன் பூட்டை என்ன பண்ணும்னு தெரியாதா? தெரியாமத்தான் ஊத்தியிருக்கான். அப்படீன்னா தொடலைன்னுதானே அர்த்தம்?"

நான் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாம்பைப் பிடிப்பதுபோல் அந்தப் பாட்டிலை நீட்டிப் பிடித்து நின்ற ஒப்ராடை நினைத்தேன். நான் மேலே காப்பி போட்டுக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரமும் அவன் கீழே அப்படித்தான் நின்றிருப்பான். சிவந்த மூக்கோடு வந்து ஸ்பிரே என்று பொய் சொன்னது இந்தப் பாட்டிலை எனக்குச் சொல்ல வெட்கப்பட்டுத்தான். இதைவிடத் தெளிவான சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

"ஆனா அது வெள்ளிக்கிழமை காலை வரைக்கும்" என்றார் விதோயே.

"என்ன?"

"மூடியைத் திறந்தது வெள்ளிக்கிழமை காலைல. அதுக்கப்புறம் ஒரு முழு நாள் போயிருக்கு. திறந்த பாட்டில், இருக்கைக்கு அடியில. ஊத்தினது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு இருந்துது, அதுக்கப்புறம் என்னாச்சு, இதையெல்லாம் பூட்டு சொல்லாது. எனக்குப் பூட்டு மட்டும்தான் தெரியும்."

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். சுவரில் சாவிகள் தொங்கும் ஆணிகளுக்கு நடுவில் ஒரு சிறுமியின் பள்ளிப் படம் ஒட்டியிருந்தது, முன்பல் ரெண்டும் விழுந்த சிரிப்பு. பல தடவை பார்த்த படம்தான். மதியச் சாப்பாட்டு வரிசையில் பீன்ஸ் வேண்டாம் என்று தினமும் என்னிடம் சண்டை போடுகிறவள்.

"எங்க பேத்தி நேதாவும் அந்த வேன்லதான் வர்றா" என்றார். "மகன் வீடு மலை மேலதானே இருக்கு. தலைமையாசிரியைகிட்ட நான் வாயே திறக்க மாட்டேன். நீ குடுத்த வாக்கு ஊருக்கே தெரியும், நீயே பாத்துக்க. ஆனா நாளைக்கு ராத்திரிக்குள்ள எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு. ஏத்தி விடலாம்னு நீ சொன்னா ஏத்தி விடச் சொல்லிடறேன். அவ்வளவுதான்."

அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பதினோரு பிள்ளைகளையும் என் மடியில் வைத்துவிட்டு, கொக்கியை மாட்டப் போய்விட்டார். போன் பண்ணிச் சொன்னால் வேலை போகும். வேலை போனால், தொடாத குற்றத்துக்குத் தண்டனை என்று ஆகும். அப்புறம் ஒப்ராட் எதற்காகத் தொடாமல் இருக்க வேண்டும்? சொல்லாவிட்டால் திங்கட்கிழமை விடிகாலை இருட்டு, உறைந்த மலைப் பாதை, முன் இருக்கையில் அந்தப் பொக்கைவாய்ச் சிறுமி. திங்கட்கிழமை விடுமுறை இல்லை. எந்தப் பக்கம் நினைத்தாலும் ஒரு முள் குத்தியது.

வேலை முடிந்ததும் விதோயே ஒப்ராடைக் கூப்பிட்டு, கதவைப் பத்துத் தடவை திறந்து மூடச் சொன்னார். அவன் சொன்னபடி செய்தான். ஒவ்வொரு தடவையும் கொக்கி சுத்தமாக விழுந்தது. ஐந்தாவது தடவையில் அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது, பேருந்து ஓட்டின காலத்தில் இருந்த சிரிப்பு.

"இனிமே பூட்டு உறைஞ்சா வெறும் வெந்நீர் பையை வை" என்றார் விதோயே. "வேற எதையும் ஊத்தாத."

"ஊத்த மாட்டேண்ணே."

காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமலேயே இறங்கினான். நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். கோட்டின் ஒரு பையில் போன் இருந்தது. இன்னொரு பையில் இரண்டு விரல் ரக்கியாவோடு அந்தப் பாட்டில். சாக்கடையில் ஊற்ற இரண்டு தடவை மூடியில் கை வைத்தேன், திறக்கவில்லை. மூடி திறந்தால் வாசனை வரும், அந்த வாசனையில் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒப்ராட் காரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். பனியில் குதிகால்களைச் சேர்த்து வைத்து நின்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அதே இடைவெளியில், அதே விறைப்பில், என் முகத்துக்கு நேராகக் குனிந்து வாயைத் திறந்தான்.

'ஹா.'

வெள்ளைப் புகையாக மூச்சு வந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து, இருந்ததையெல்லாம் வெளியே விடுகிறவன்போல் விட்டான். அது என் கன்னத்தில் வெதுவெதுப்பாகப் பட்டு, காதோரம் கலைந்து போயிற்று. பிறகு நிமிர்ந்து, நான் தலையசைப்பதற்காகக் காத்து நின்றான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.